பனையில இருந்து விழுந்த தம்பிக்கு மூணு மாசத் தீவிரப் பயிற்சி: பனங்காட்ட வித்து அனுப்பலாமா?

#1 சாயல்குடி_அண்ணன்

எல்லாருக்கும் வணக்கம். நீளமா எழுதுறேன், தெரிஞ்சவங்க பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க, ஒரு வாரத்துக்குள்ள முடிவு எடுத்தாகணும்.

சாயல்குடிக்கு கிழக்க கடக்கரைப் பக்கம் எங்க ஊரு. பரம்பரையா பனைத் தொழில். தம்பிக்கு 27 வயசு. பங்குனில ஒரு நாள் வெள்ளன அஞ்சரை மணி இருக்கும், பதினி எறக்க ஏறுனவன் கலயத்த கழட்டுறப்ப கால் வச்சிருந்த மட்ட முறிஞ்சு முப்பது முப்பத்தஞ்சு அடியில இருந்து உக்காந்த வாக்குலயே கீழ வந்துட்டான். நான் ஓடிப்போய் பாத்தப்ப "அண்ணே என் கால காணோம்ணே"ன்னான், கால் ரெண்டும் அவனுக்கு முன்னாடிதான் நீட்டிக் கெடந்துச்சு. பதட்டத்துல தோள்ல ரெண்டு பேரு கால்ல ரெண்டு பேரு புடிச்சுத் தூக்கி ஆட்டோவுல மடக்கி ஒக்கார வச்சு கொண்டு போனோம். அப்படித் தூக்கவே கூடாது, பலகையில நேரா படுக்க வச்சு 108ல வந்திருக்கணும்னு மதுரையில டாக்டர் சொன்னாரு, அன்னைலருந்து எனக்கு தூக்கம் இல்ல.

முதுகும் இடுப்பும் சேர்ற எடத்துல இருக்கற டி12, எல்1 எலும்பு நொறுங்கியிருந்துச்சு. ராடு ஸ்க்ரூ வச்சு ஆபரேஷன் பண்ணி மூணு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப மூணரை மாசம் ஆச்சு. இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல, யூரின் டியூப் இருக்கு, முதுகுக்குக் கீழ ஒரு புண் வந்து ஆறிட்டு இருக்கு. மக்களைத் தேடி மருத்துவத்துல இருந்து பிசியோ வாரம் ஒருக்கா வர்றாங்க, கால மடக்கி நீட்டி விட்டுட்டுப் போறாங்க.

போன வாரம் ஒரு பெரிய சிட்டியில இருக்கற சென்டர்ல இருந்து வீடியோ வந்துச்சு. ஒரு பையன் பெல்ட்ல தொங்கிக்கிட்டே டிரெட்மில்ல நடக்குறான், ரெண்டு பேரு கால எடுத்து எடுத்து வைக்கிறாங்க, இன்னொருத்தன் கரண்ட் கொடுக்குற சைக்கிள் ஓட்டுறான். நாளுக்கு 5 மணி நேரம், வாரத்துல 6 நாள், மூணு மாசம். மாசம் ஒன்றரை லட்சம், தங்குறது தனி. "மொத ஆறு மாசம்தான் பொன்னான நேரம், அதுக்கப்புறம் கதவு மூடிரும், யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க"ன்னு தினமும் போன் பண்றாங்க.

எங்ககிட்ட இருக்கறது ஒன்றரை ஏக்கர் பனங்காடு, 90 மரம். கேட்டு ஆள் வந்தாச்சு. அம்மா வித்துருடாங்குது. தம்பி ஒண்ணும் பேச மாட்டேங்குறான், பொழுதன்னைக்கும் சுவத்தப் பாத்தே படுத்திருக்கான். நான் கேக்கறது ஒண்ணுதான். வித்து அனுப்புனா நடப்பானா?

#2 கீழக்கரை_காக்கா

தம்பி, யோசிக்காம அனுப்புங்க. என் மகனுக்கு துபாய்ல கார் ஆக்சிடென்ட்ல கழுத்துல அடி, சி5 சி6. ஊருக்கு ஸ்ட்ரெச்சர்ல வந்தவன். இதே மாதிரி டிரெட்மில், பெல்ட்டு, நாள் முழுக்க பயிற்சின்னு எட்டு மாசம் வச்சிருந்தோம். இன்னைக்கு ஒரு கம்ப ஊணிக்கிட்டு வெள்ளிக்கிழம தொழுகைக்கு நடந்தே போறான். அவன் உம்மா நகைய பூரா வித்தோம், ஒரு நாளும் வருத்தப்படல. காசு இன்னைக்குப் போகும் நாளைக்கு வரும், கால் வருமா? வீட்ல வாரம் ஒருக்கா கால நீட்டி மடக்கி விடறதெல்லாம் ஒரு வைத்தியமே இல்ல.

#3 ராம்நாடு_பிசியோ

நான் 14 வருஷமா ராமநாதபுரத்துல பிசியோவா இருக்கேன், பனையில இருந்து விழுந்தவங்க, கெணத்துல விழுந்தவங்கன்னு வருஷா வருஷம் பாக்குறேன். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன் அண்ணா. அந்த உயரத்துல இருந்து உக்காந்த வாக்குல விழுந்தா எலும்பு நொறுங்குற அந்த நொடியிலயே தண்டுவடம் நசுங்கிருது, பெரும்பாலும் அப்படித்தான். ஆட்டோவுல தூக்கிட்டுப் போனத நெனச்சு நெனச்சு உங்கள நீங்களே அரிச்சுக்காதீங்க. இத படிக்கற மத்தவங்க மட்டும் பலகை விஷயத்த மனசுல வச்சுக்கோங்க.

நடப்பானா மாட்டானான்னு வீடியோவ பாத்தோ என் பேச்சக் கேட்டோ சொல்ல முடியாது, நாலு விஷயம் தெரியணும். தம்பியோட கால் அப்பப்ப தானா வெட்டி வெட்டி இழுக்குதா, இல்ல துணி மாதிரி துவண்டு கெடக்குதா? டிஸ்சார்ஜ் சம்மரில ஏஷியான்னு போட்டு பக்கத்துல ஏ, பி, சி, டி இப்படி ஒரு எழுத்து இருக்கும் (ஏ-ன்னா அந்தக் கடைசி நரம்பு வரைக்கும் உணர்ச்சியும் அசைவும் இல்ல, பி-ன்னா உணர்ச்சி மட்டும் மிச்சம், சி, டி-ன்னா கீழ அசைவும் மிச்சம்), அது என்ன? அத எப்ப பாத்தாங்க, அதுக்கப்புறம் திரும்பப் பாத்தாங்களா? கடைசியா ஒண்ணு, இத கேக்க கூச்சப்படாதீங்க, ஆசனவாய்ல ஊசி குத்துனா தெரியுதா, டாக்டர் கையுறை போட்டு விரல் வச்சு "இறுக்கு"ன்னு சொன்னா இறுக்க முடியுதான்னு யாராச்சும் சோதிச்சாங்களா? தண்டுவடத்தோட கடைசி நரம்பு அங்கதான் வருது. அங்க உணர்ச்சி இருந்தா அடிபட்ட இடத்தத் தாண்டி ஒரு நூலாச்சும் அறுபடாம இருக்குன்னு அர்த்தம். கால் அசையாதத மட்டும் பாத்துட்டு எல்லாம் போச்சுன்னு முடிவு பண்றதும் தப்பு, அந்த சோதனை பண்ணாம நடக்க வச்சிடுவோம்னு சொல்றதும் தப்பு.

#4 சக்கரநாற்காலி_2009

அண்ணே நான் உச்சிப்புளி. 2009ல பைக்ல போறப்ப முதுகுல அடி, டி10, கம்ப்ளீட், அதாவது அதுக்குக் கீழ ஒண்ணுமே மிச்சம் இல்ல. பதினாறு வருஷமா வீல்சேர்தான். மொபைல் கடை வச்சிருக்கேன், கல்யாணம் ஆயிருச்சு, ஒரு பொண்ணு இருக்கு.

நானும் இதே மாதிரி ஒரு சென்டருக்குப் போனவன். பேர் வேணாம். விழுந்து ரெண்டாவது வருஷம், அதுவரைக்கும் பெரும்பாலும் படுக்கதான். போன மொத வாரத்துலயே பெல்ட்ல தொங்க விட்டு நிறுத்துனாங்க. நாலாவது நாள் சாயங்காலம் வலது முட்டிக்கு மேல வீங்கி செவந்து சுட்டுது, எக்ஸ்ரே எடுத்தா தொட எலும்பு உடைஞ்சிருக்கு. எப்ப உடைஞ்சதுன்னே எனக்குத் தெரியல, வலிச்சாத்தானே. வெயிட் படாம கெடந்த எலும்பு சுண்ணாம்பு எறங்கி சொத்த மாதிரி ஆயிரும், நிறுத்தறதுக்கு முன்னாடி அத ஸ்கேன்ல பாத்திருக்கணும்னு அப்புறமா இன்னொரு டாக்டர் சொன்னாரு. மூணு மாசம் மாவுக்கட்டு, அந்தக் கட்டுக்குள்ளயே குதிகால்ல புண்ணு. எங்கப்பா அதுக்காக வித்தது நாட்டுப்படகு. படகு போனதுக்கு அப்புறம் அவரு அடுத்தவன் படகுல கூலிக்குப் போனாரு, கடைசி வரைக்கும் அப்படித்தான்.

காக்கா, உங்க மகன் நடக்கறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், மனசாரச் சொல்றேன். ஆனா உங்க மகனுக்கு மொத மாசத்துலயே ஏதாச்சும் அசைஞ்சிருக்குமே?

#5 கீழக்கரை_காக்கா

உண்மைதான் தம்பி. ரெண்டாவது வாரமே கால் கட்டவிரல் ஆடுச்சு. பேப்பர்ல சி-ன்னு போட்டிருந்தாங்க. அப்ப எனக்கு அதோட அர்த்தம் தெரியாது. உங்க வாப்பா படகு விஷயம் படிச்சுட்டு ரொம்ப நேரம் போன கீழ வச்சுட்டேன்.

#6 சாயல்குடி_அண்ணன்

மேடம், நீங்க கேட்டதுக்கு: கால் துவண்டுதான் கெடக்கு, வெட்டி இழுக்கறதெல்லாம் இல்ல. தொட ரெண்டும் நாளுக்கு நாள் சூம்பிட்டே போகுது. சம்மரில ஏஷியா ஏ-ன்னு இருக்கு, தேதி பாத்தா ஆபரேஷனுக்கு மறுநாள். அதுக்கப்புறம் யாரும் பாக்கல. ஆசனவாய் சோதனை பண்ண வந்தப்ப தம்பி வேணாம்னு அழுதுட்டானாம், அம்மா சொல்லுது. இடது தொட முன்னாடி எப்பயாச்சும் துடிக்கற மாதிரி இருக்குன்னு ஒரு நாள் சொன்னான், நாங்க அத பெருசா எடுத்துக்கல.

#7 ராம்நாடு_பிசியோ

அண்ணா, அந்த ஏ-வ இப்போதைக்கு நம்பாதீங்க. அடிபட்ட ஒடனே தண்டுவடம் ஒரு அதிர்ச்சில இருக்கும், அந்த நாள்ல எடுத்த எழுத்து அப்படியே நிக்கணும்னு இல்ல. திரும்பப் பாத்தே ஆகணும்.

இப்ப அந்த டிரெட்மில் விஷயத்துக்கு வர்றேன். இது ஏமாத்து வேலை கெடையாது, பின்னாடி நெசமான ஆராய்ச்சி இருக்கு. 1980கள்ல தண்டுவடத்த முதுகுல முழுசா வெட்டுன பூனைகள டிரெட்மில்ல தாங்கிப் புடிச்சு தினமும் பழக்குனாங்க, மூளைல இருந்து ஒரு சேதியும் எறங்காமலே பின்னங்கால் அடி எடுத்து வச்சுது. நடையோட தாளம் இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்குள்ளயே இருக்கு, பாதத்துல விழுற அழுத்தம், இடுப்பு முன்னும் பின்னும் போற உணர்வு இதெல்லாம் திரும்பத் திரும்பக் கெடச்சா அந்த நரம்புக் கூட்டம் பழகிக்கும், இதுதான் அடிப்படை. காக்கா மகனுக்கு அடி கழுத்துல. இடுப்புப் பகுதித் தண்டுவடம் முழுசா உசுரோட இருக்கு, மேல இருந்து கொஞ்சம் சேதியும் வந்துட்டு இருந்துச்சு. அவருக்கு இது பொருந்துச்சு.

உங்க தம்பி கதை வேற. தண்டுவடம் முதுகெலும்பு நீளத்துக்கு கடைசி வரைக்கும் போகாது, எல்1 எல்2 எலும்புகிட்டயே முடிஞ்சிரும், அதுக்குக் கீழ குதிரவால் மாதிரி நரம்பு வேருங்கதான். டி12 எல்1 நொறுங்குனா நசுங்கறது தண்டுவடத்தோட வாலும் அந்த வேரும். அதாவது தாளம் போடற ஆளே எங்க இருக்கானோ அங்கயே அடி. அதனாலதான் கால் வெட்டி இழுக்காம துவண்டு கெடக்கு. இதுல இன்னொண்ணு, அந்தக் கரண்ட் சைக்கிள் தசையத் தூண்டறதா எல்லாரும் நெனைக்கறாங்க, அது தூண்டறது தசைக்குப் போற நரம்ப. அந்த நரம்போட வேர் செத்திருந்தா சாதாரண மெஷின்ல எம்புட்டு கரண்ட் ஏத்துனாலும் தசை சுருங்காது, தோல்தான் சுடும், அதுவும் அவனுக்குத் தெரியாது. இத அந்த சென்டர்ல யாராச்சும் சோதிச்சுட்டு காசு சொன்னாங்களா? இல்ல எம்.ஆர்.ஐ கூட பாக்காம பேக்கேஜ் சொன்னாங்களா?

நல்ல பக்கமும் இருக்கு. நரம்பு வேரு அடிபட்டா அது பைய, ஒன்றரை ரெண்டு வருஷம் கூட எடுத்துக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா திரும்பறது உண்டு. இடது தொட துடிக்குதுன்னு சொன்னான் பாருங்க, எனக்கு இந்த இழையிலயே முக்கியமான வரி அதுதான். மொத மாசங்கள்லதான் முன்னேற்றம் வேகமா இருக்கும், ஒரு வருஷத்துக்கு மேல வேகம் கொறையும், இது சரி. ஆறாவது மாசம் கதவு மூடிரும்ங்கறது பயமுறுத்தி பணம் கட்ட வைக்கற பேச்சு.

#8 கீழக்கரை_காக்கா

அப்ப மேடம், என் மகன நடக்க வச்சது அந்த மெஷின் இல்லையா?

#9 ராம்நாடு_பிசியோ

மெஷினும் ஒத்தாசை பண்ணுச்சு காக்கா, நடக்க வச்சது பயிற்சி. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் புதுசா அடிபட்ட 146 பேர வச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க, 2006ல வெளியாச்சு. பாதிப் பேருக்கு பெல்ட்டுல தொங்கி டிரெட்மில், பாதிப் பேருக்கு அதே அளவு நேரம் தரையில கம்பியப் புடிச்சு நடை. கொஞ்சமாச்சும் அசைவு மிச்சம் இருந்தவங்க ரெண்டு பக்கத்துலயும் நல்லா நடந்தாங்க, டிரெட்மில்காரங்களுக்கு கூடுதலா ஒண்ணும் வரல. நேரமும் விடாப்பிடியும் வேணும், அத மெஷின்லதான் செய்யணும்னு இல்ல.

பழைய கேஸ்களுக்கு ஆஸ்திரேலியா நியூசிலாந்துல ஒரு ஆய்வு, 2018ல வெளியாச்சு. வாரம் மூணு தடவ, 12 வாரம், டிரெட்மில் கரண்ட் சைக்கிள் எல்லாம் சேத்து முழு உடம்புப் பயிற்சி ஒரு கூட்டத்துக்கு, கைக்கு மட்டும் பயிற்சி இன்னொரு கூட்டத்துக்கு. தசை பலத்துல முழு உடம்புக்காரங்களுக்கு கூடுதல் லாபம் கெடைக்கல. இதுக்காக உடற்பயிற்சியே வேணாம்னு சொல்ல வரல, தோளு, நெஞ்சு, ரத்த ஓட்டம், மனசு எல்லாத்துக்கும் பயிற்சி வேணும். செத்த நரம்ப அது எழுப்பும்னு யாரும் பத்திரம் எழுதித் தர முடியாது, அவ்ளோதான்.

#10 தொண்டி_மாணவன்

இடைல வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க மாமாவுக்கு இதே பிரச்சன. ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகும்னு ஒருத்தர் சொல்றாரு. அப்புறம் கிறிஸ்டோபர் ரீவ்னு ஹாலிவுட் நடிகர் பயிற்சி பண்ணியே எழுந்துட்டாருன்னும் சொல்றாங்க, நெசமா?

#11 ராம்நாடு_பிசியோ

ரீவ் எழுந்து நடக்கல தம்பி. 1995ல குதிரையில இருந்து விழுந்து கழுத்துல அடி, மூச்சுக்கே மெஷின். கரண்ட் சைக்கிளும் பயிற்சியும் வருஷக்கணக்கா பண்ணாரு, அஞ்சு வருஷம் கழிச்சு ஆள்காட்டி விரல் அசைஞ்சுது, அப்புறம் உணர்ச்சி கொஞ்சம் கூடுச்சு. அம்புட்டு வருஷம் கழிச்சும் மாற்றம் வரும்னு ஒலகத்துக்கே காட்டுனாரு, அது பெரிய விஷயம். 2004ல எறந்துட்டாரு. ஒலகத்துல கெடைக்கற அத்தன வசதியும் இருந்த மனுஷன், அப்பயும் வீல்சேர்தான்.

ஸ்டெம் செல்லுக்கு காசு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. ஐ.சி.எம்.ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதல்படி ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களுக்குத்தான் அது அங்கீகரிச்ச வைத்தியம். தண்டுவடத்துக்கு ஆராய்ச்சியா மட்டும்தான் செய்யலாம், ஆராய்ச்சிக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது.

#12 வலைக்காரி

நான் தங்கச்சிமடம். எம் வீட்டுக்காரரு விசைப்படகுல மேல்தட்டுல இருந்து மீன் கெடங்குக்குள்ள விழுந்தாரு, தடைக்காலம் முடிஞ்சு போன மொத நாளு. ஆறு வருஷம் ஆச்சு. டி12தான், துவண்ட காலுதான், உங்க தம்பி மாதிரியே.

அண்ணே நடக்கறதப் பத்தி டாக்டருங்க சொல்லட்டும், நான் ஒரு நாளு எப்படி போகுதுன்னு மட்டும் சொல்றேன். மொத ஒரு வருஷம் டியூப்ப போட்டே வச்சிருந்தோம், காய்ச்ச காய்ச்சன்னு மாசத்துக்கு ரெண்டு தடவ ஆஸ்பத்திரி, யூரின் கலங்கலா நாத்தமா இருக்கும். அப்புறம் வேலூர் சி.எம்.சி ஆஸ்பத்திரியோட பாகாயம் மறுவாழ்வு மையத்துல ஒரு மாசத்துக்கு மேல இருந்தோம், அங்க அவரையே கத்துக்க வச்சாங்க. நாலு மணி நேரத்துலருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு அவரே சின்ன டியூப்ப விட்டு எடுத்துட்டு டியூப்ப வெளிய எடுத்துருவாரு, பையத் தூக்கிட்டு அலையற வேலையே இல்ல. அன்னையோட காய்ச்ச நின்னுச்சுன்னு சொல்ல மாட்டேன், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு கொறைஞ்சிருச்சு. அங்க ஒரு படம் மாட்டியிருந்துச்சு, மேரி வர்கீஸ் டாக்டரம்மா, அவுங்களே கார் விபத்துல இடுப்புக்குக் கீழ போயி வீல்சேர்ல ஒக்காந்துக்கிட்டே ஆபரேஷன் பண்ணவங்களாம். 1966ல அவுங்க இருந்து ஆரம்பிச்ச எடமாம் அது. எம் வீட்டுக்காரரு அந்தப் படத்த பாத்துட்டு அன்னைக்கு ராத்திரி நல்லா சாப்பிட்டாரு.

வீட்டுக்கு வந்தப்புறம் கட்டுலு ஓரத்துல கால தொங்கப் போட்டு ஒக்கார வச்சு கையில வலையக் கொடுத்தேன். மொத நாளு ரெண்டு கண்ணி போடறதுக்குள்ள பக்கவாட்டுல சாஞ்சுட்டாரு, ஏன்னா ஊசி ஒரு கையில நூலு ஒரு கையில, புடிச்சுக்க கை இல்ல. நான் பின்னாடி முழங்காலப் போட்டு தாங்குனேன். பதினஞ்சு நாள்ல தலகாணி மட்டும் போதும்னாரு. ரெண்டு மாசத்துல ஒரு மணி நேரம் அசையாம ஒக்காந்து கிழிசல் பூரா கட்டிப்புட்டாரு, கெழக்க மேக்கன்னு ரெண்டு பக்கமும் எட்டி எடுக்கறாரு. பிசியோம்மா வந்து பாத்துட்டு நான் குடுக்கற பயிற்சிய விட இது நல்லாருக்குன்னாங்க. இப்ப வலை கட்டுக் கூலியே அவருக்கு தனியா வருது.

ஒக்காந்தே இருந்தா புண்ணு வரும், அதனால கால் மணிக்கு ஒருக்கா கைய ஊணி பின்னாடிய தூக்கிக்கணும். ராத்திரி படுக்கப் போறப்ப கண்ணாடிய வச்சு பின்னாடி பூரா அவரே பாப்பாரு, செவப்பு தெரிஞ்சா மறுநா ஒக்கார விட மாட்டேன். வெயில்ல கெடந்த வண்டி சீட்டுல, மத்தியான மணல்ல ஒக்காரவே கூடாது, எங்களுக்கு அப்படி ஒருக்கா தொட வெந்து நாலு மாசம் ஆச்சு ஆற.

#13 சங்குகுளி_பேரன்

கடக்கரைங்கறதால ஒரு வார்த்த. ஏறி விழுந்தாத்தான் தண்டுவடம் போகும்னு இல்ல. கம்ப்ரசர் குழாய கடிச்சுக்கிட்டு ஆழத்துல ரொம்ப நேரம் முங்கிட்டு சட்டுனு மேல வந்தா ரத்தத்துல வாயுக் குமிழி கட்டி தண்டுவடத்த அடிச்சுரும், எங்க சொந்தத்துலயே ஒருத்தருக்கு கால் போயிருக்கு. மேல வந்ததும் காலு மரத்தா, மூத்தரம் வரலைன்னா அது களைப்பு இல்ல. ஆக்சிஜன் வச்சுக்கிட்டே அழுத்த அறை இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடணும். திரும்ப முங்குனா சரியாப்போகும்னு பெருசுங்க சொல்றதக் கேட்டு எறங்காதீங்க.

#14 சக்கரநாற்காலி_2009

அக்கா எழுதுனதுதான் அண்ணே நெசமான தீவிரப் பயிற்சி. அஞ்சு மணி நேரம்னு அவன் சொல்றான்ல, வீட்லயும் கணக்குப் பாருங்க. குப்புறப் படுக்கறது அர மணி அர மணியா ரெண்டு தடவ, இல்லைன்னா இடுப்பு மடங்குன மேனிக்கே இறுகிரும், அப்புறம் காலிப்பர், அதான் காலத் தாங்கற கம்பிச் சட்டம், போட்டாலும் நிமிர முடியாது. கைய ஊணித் தூக்கறது. பொரண்டு படுக்கறது, எந்திரிச்சு ஒக்கார்றது. கட்டுலுலருந்து வீல்சேர், வீல்சேர்லருந்து கட்டுலு, கக்கூஸ். வீட்டு முன்னாடி சவுக்குக் கம்பு நாலு நட்டு குறுக்க ரெண்டு கட்டுனா பேரலல் பார், ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிட்டு நிக்கலாம். நான் அப்படித்தான் நின்னேன், காலிப்பர் போட்டு பத்து வருஷம் நின்னேன்.

புண்ணு ஆறாம பெல்ட்ல தொங்க விட்றாதீங்க, அந்தப் பெல்ட்டு இறுக்கறது சரியா அந்த எடத்துலதான். மொதல்ல புண்ணு, அப்புறம் யூரின், அப்புறம் தானா ஏறி எறங்கறது. இந்த மூணும் ஆச்சுன்னா ஆள் வீட்ட விட்டு வெளிய வந்துருவான். வெளிய வந்துட்டான்னா பேசிருவான்.

ஆய்க்குடி கேள்விப்பட்டிருக்கீங்களா? தென்காசி பக்கம், அமர் சேவா சங்கம். 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயாவே 1975ல கடற்படை அதிகாரி தேர்வுல குதிக்கறப்ப விழுந்து கழுத்துக்குக் கீழ போனவர். தண்டுவடம் அடிபட்டவங்கள தங்க வச்சே பழக்குறாங்க. சென்னைன்னா கே.கே.நகர்ல அரசு மறுவாழ்வு மருத்துவமனை. சம்மரி எம்.ஆர்.ஐ எல்லாம் எடுத்துக்கிட்டு போங்க. மாற்றுத்திறனாளி அட்டைக்கு இப்பயே எழுதிப் போடுங்க, பராமரிப்பு உதவித்தொக மாசம் 2000 அதுல இருந்துதான், வீல்சேர், சைடு சக்கரம் வச்ச ஸ்கூட்டர் எல்லாத்துக்கும் அதுதான் மொதப் படி. ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளி அலுவலகத்துல கேளுங்க, கூட நான் வர்றேன்.

பனங்காட்ட விக்காதீங்கண்ணே. அவன் நடந்தாலும் அந்த வீட்லதான் சாப்பிடணும், நடக்கலைன்னாலும் அந்த வீட்லதான் சாப்பிடணும்.

#15 கீழக்கரை_காக்கா

நான் மொதல்ல எழுதுனத வாபஸ் வாங்குறேன்னு சொல்ல மாட்டேன், என் மகனுக்கு அது சரி. ஆனா இந்தத் தம்பிக்கு மொதல்ல அந்த சோதனை நடக்கட்டும். போக்குவரத்துச் செலவு என்னோடது, தனியா மெசேஜ் அனுப்புங்க. மகனுக்கு வாங்குன காத்து மெத்த சும்மாதான் கெடக்கு, அதையும் தந்து விடுறேன்.

#16 சாயல்குடி_அண்ணன்

ரெண்டு மாசம் கழிச்சு எழுதுறேன், மன்னிச்சுக்கோங்க, ஆஸ்பத்திரியிலயே இருந்துட்டோம்.

சென்டர்காரங்ககிட்ட மேடம் சொன்ன கேள்விய அப்படியே கேட்டேன், கால் துவண்டு இருக்கு, கரண்ட் சைக்கிள் வேல செய்யுமான்னு. வாங்க வந்து பாத்துக்கலாம்னாங்க. அட்வான்ஸ் கட்டாம பாப்பீங்களான்னேன். அதுக்கப்புறம் போன் வரல.

ரீஹேப் டாக்டர் ஒருத்தர்கிட்ட சேத்தோம். தம்பி அந்த சோதனைக்கு மறுபடியும் மாட்டேன்னான். சக்கரநாற்காலி தம்பி அன்னைக்கு போன்ல அவன்கிட்ட பேசுனாரு, என்ன பேசுனாருன்னு ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்குறாங்க, மறுநாள் ஒத்துக்கிட்டான். ஊசி குத்து தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் தெரிஞ்சுது. இறுக்க முடியல. எழுத்து ஏ இல்ல, பி. ஊசி குத்து தெரியறது நல்ல அறிகுறி, காத்திருந்து பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. இடது தொட, பலகையில பக்கவாட்டுல வச்சா முட்டி கொஞ்சம் நீளுது. வலது இன்னும் இல்ல. பாதம் ரெண்டும் வர்றது கஷ்டம்னு நேராவே சொல்லிட்டாரு, இடது முட்டி பலப்பட்டா காலிப்பரும் வாக்கரும் வச்சு வீட்டுக்குள்ள நடக்கலாம், வெளிய வீல்சேர்தான்னு. எனக்கு அத கேக்கறப்ப தொண்ட அடைச்சுது. தம்பி "சரி சார், வீல்சேர் எப்ப தருவீங்க"ன்னான்.

டியூப் எடுத்தாச்சு, அவனே பாத்துக்கறான். புண்ணு மூடிருச்சு, காக்கா குடுத்த மெத்தைக்கு நன்றி. பனங்காட்ட விக்கல, வர்ற சீசனுக்கு பக்கத்து ஊர்க்காரருக்கு பாட்டத்துக்கு விட்டாச்சு, முன்பணம் வந்துச்சு, அதுல கக்கூஸ் வாசல அகலப்படுத்தி சரிவு போட்டிருக்கோம். தினமும் ரெண்டு மணி நேரம் கட்டுலு ஓரத்துல ஒக்காந்து அம்மாகூட ஓலப் பொட்டி முடையறான். வலைக்காரி அக்கா சொன்னதுதான், வலைக்குப் பதிலா ஓல. மொத பொட்டி கோணலா வந்துச்சு, அம்மா அத சாமி ரூம்ல வச்சிருக்கு. இப்ப போன அவன்கிட்ட குடுக்குறேன்.

#17 சாயல்குடி_அண்ணன்

நான் தம்பி. எல்லாருக்கும் வணக்கம். எனக்கு டைப் பண்ண அவ்ளோவா வராது. கட்டுலுலருந்து வீல்சேருக்கு நகர்றதுக்கு பலகை வேணும், ஆஸ்பத்திரில இருந்தது அவங்களோடது. கடையில வெல கூட சொல்றாங்க. நம்ம காட்டுலயே விழுந்த பனை கெடக்கு, அதுல அறுத்துக்கலாமா? அளவு என்ன?

#18 ராம்நாடு_பிசியோ

பனை வேணாம் தம்பி. எம்புட்டு இழைச்சாலும் சிராய் நிக்கும், உங்களுக்கு ஏறுனா தெரியாது, மறுபடியும் புண்ணு. பூவரசு இல்ல வேம்பு. நீளம் 28 இஞ்சு, அகலம் 9லருந்து 10, கனம் முக்கா இஞ்சு. ஓரம் நாலும் உருட்டா இழைக்கச் சொல்லுங்க, ரெண்டு முனையும் கொஞ்சம் சரிவா தேயணும் அப்பத்தான் பின்னாடிக்குக் கீழ நுழையும். உப்புத்தாள் போட்டு வார்னிஷ் ரெண்டு கை அடிங்க, நல்லா காஞ்சப்புறம் பழைய நைலான் சேலைய மேல இழுத்துப் பாருங்க, எங்கயும் மாட்டக் கூடாது. மாட்டுச்சுன்னா திரும்ப இழைக்கணும்.

#19 சக்கரநாற்காலி_2009

எங்க வீட்டுக்குப் பின்னாடி பூவரசு வெட்டுனது ஒரு துண்டு காஞ்சு கெடக்கு. ஆசாரி தெரிஞ்சவர்தான். ஞாயித்துக்கிழம ஸ்கூட்டர்ல கொண்டு வர்றேன். உங்க கட்டுலு உயரத்தையும் வீல்சேர் சீட்டு உயரத்தையும் டேப் வச்சு அளந்து இங்க போடு தம்பி. ரெண்டும் ஒரே மட்டமா இல்லைன்னா கட்டுலு காலுக்கு கட்ட வைக்கணும்.

#20 சாயல்குடி_அண்ணன்

கட்டுலு 17 இஞ்சு. வீல்சேர் மெத்தையோட 20. அளந்தது நான்தான்.